கோயில் அலமாரியில் ஒரு தட்டு

பர்மாவிலுள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கங்களின் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். தீமிதிக்கு முந்தின நாள் மடப்பள்ளியில் காய் நறுக்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ரங்கூனில் நாங்கள் ஏழு பேர், நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடி, கதையல்லாத புத்தகங்களைத் தமிழில் எழுதி, போட்டோகாப்பி எடுத்து, நடுவில் நூல் கோத்துத் தைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வருகிறோம். உடம்பைப் பற்றியது, சட்டத்தைப் பற்றியது, நம்முடைய சரித்திரத்தைப் பற்றியது, இப்படி. விலை கிடையாது. யாருக்கும் சம்பளமும் கிடையாது. ஒருவர் டியூஷன் எடுப்பவர், இருவர் கடையில் கணக்கு எழுதுபவர்கள், ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸ். மற்றவர்களும் அப்படித்தான்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். கோயிலில் இந்தப் புத்தகங்களுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் வைக்கிற புத்தகத்திலிருந்து பக்கத்தை எடுக்கச் சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவதை ஏன் கேட்கிறேன் என்பது உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

2021 ஜூலை உங்களுக்கு மறந்திருக்காது. ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு இந்த ஊரே வரிசையில் நின்ற மாதம். என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள், பக்கத்து வீட்டுப் பையன் விரலில் மாட்டுகிற சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டினோம். 88 என்று காட்டியது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, “நூத்துக்கு எம்பத்தெட்டு, நல்லாத்தானே இருக்கு” என்றாள். எங்களில் ஒருவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. 94க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும், 90க்குக் கீழே போனால் அவசரம் என்பதை மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

சித்தி படிக்காதவள் இல்லை. பள்ளிக்கூடங்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சாமான் கட்டிவந்த தமிழ்ப் பேப்பரைக்கூடப் பிரித்து நீவி, கடைசி வரி வரைக்கும் வாசிப்பாள். அந்த மெஷினோடு வந்த காகிதம் இங்கிலீஷிலும் சீனத்திலும் இருந்தது. அதே வாரத்தில் எங்கள் போனுக்குத் தமிழில் வந்ததெல்லாம், மிளகும் மஞ்சளும் ஆவியும் இருந்தால் போதும் என்று யாரோ எழுதி ஊர் ஊராகச் சுற்றிய செய்திகள். அவற்றை அவள் ஒன்று விடாமல் படித்தாள், ஒன்று விடாமல் செய்தும் பார்த்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. படிக்கத் தெரிந்த ஒருத்தி, படிக்கத் தயாராக உட்கார்ந்திருந்த ஒருத்தி, அவளுக்கு வேண்டிய ஒரு பக்கம் அவள் மொழியில் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். இருபது காப்பி எடுத்தேன். எங்கள் வேலை அங்கே தொடங்கியது.

தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இதே ஊரில் எங்களுக்கு முன்னால் ஒருவர் இதைப் பெரிதாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று. வெ. சாமிநாத சர்மா 1932இல் ரங்கூனுக்கு வந்தார். பத்து வருஷம் இங்கே இருந்தார். 1937இல் ‘ஜோதி’ என்ற மாத இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்து நடத்தினார். புதுமலர்ச்சி நூற்பதிப்புக் கழகம் என்ற பதிப்பகம் இங்கிருந்துதான் அவருடைய புத்தகங்களைக் கொண்டுவந்தது. உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது, எந்த நாடு எந்த நாட்டை அடக்குகிறது, அங்கே சட்டம் எப்படி, அரசாங்கம் எப்படி என்று, இங்கிலீஷ் தெரியாத தமிழனுக்குத் தெளிவான தமிழில் சொல்வதையே தொழிலாக வைத்திருந்தார். பிளேட்டோவின் அரசியலும் ரூசோவின் சமுதாய ஒப்பந்தமும் அவர் கையால்தான் தமிழுக்கு வந்தன. அவர் எழுதியதை வாசித்தவர்களில் கடைச் சிப்பந்திகளும் இருந்தார்கள், மில் கணக்கப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் நாம்.

அதே 1937இல் பர்மிய இளைஞர்கள் இதே ரங்கூனில் ‘நகானி’ என்ற புத்தகக் கழகத்தைத் தொடங்கினார்கள். செந்நாகம் என்று பொருள். தக்கின் நூவும் தக்கின் தான் துனும் அதில் முன்நின்றவர்கள். வெளிநாட்டு அரசியல் புத்தகங்களைப் பர்மிய மொழியில் எழுதி, குறைந்த விலையில் உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு ஊ நூ என்ற பெயரில் பிரதமரான அதே தக்கின் நூ, 1947இல், சுதந்திரம் வருவதற்கும் முன்னாலேயே, மொழிபெயர்ப்புக்கென்று ஒரு கழகத்தை உண்டாக்கினார். சார்பே பெய்க்மான் என்று இன்று எல்லாருக்கும் தெரிந்த இலக்கிய மாளிகை அதுதான். அது கொண்டுவந்த பர்மியக் கலைக்களஞ்சியம் மட்டும் 15 தொகுதி. நாட்டுக்குச் சோறும் துணியும் போதாத காலத்தில் இதற்கு நேரம் ஒதுக்கினார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

அவர்களுடைய நூல் அறுந்துபோகவில்லை. நம்முடையது அறுந்துவிட்டது. 1942இல் குண்டு விழுந்த ஊரை விட்டு லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்களே, அதில் சர்மாவும் அவர் மனைவியும் நடந்தார்கள். அந்த நடையைப் பிறகு புத்தகமாகவும் எழுதினார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது மறுபடியும் கப்பல் கப்பலாகப் போனார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள். புத்தகம் வாங்கக் காசு வைத்திருந்தவர்களும் அச்சுக்கூடம் நடத்தியவர்களும் போனார்கள். பிறகு பள்ளிக்கூடமும் போனது. மிஞ்சியது கோயில் ஒன்றுதான். தமிழில் அ எழுதக் கற்றுக்கொடுக்கிற இடம் என்று இன்று இந்த நாட்டில் ஒன்று இருக்கிறதென்றால் அது கோயில் திண்ணை. அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடம் வருகிறேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘தமிழ்நாட்டிலிருந்து புத்தகம் வரவழைத்தால் போதுமே, நீங்கள் எதற்கு எழுத வேண்டும்’ என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரவழைத்தும் பார்த்தோம். சில புத்தகங்கள் மிக நன்றாகப் பயன்பட்டன. ஆனால் அங்கே எழுதுகிறவர்களுக்கு இங்கத்துச் சட்டம் தெரியாது, இங்கத்து மருந்துக்கடை தெரியாது, மழைக்காலத்தில் இங்கே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது தெரியாது. 1982ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தில் மூன்று வகைக் குடிமக்கள் உண்டு, அதற்கு மூன்று நிறத்தில் அட்டை உண்டு என்பதைப் பற்றி அங்கே எவரும் நமக்காக எழுதப் போவதில்லை. கையில் இருக்கிற அட்டையின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அறுபது வயதைத் தாண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லும் வேறாகத்தான் இருக்கிறது. போன வருஷம் 1930ஐ ஒட்டிய பழைய அரசாங்க அறிக்கைகளிலிருந்து சில பகுதிகளைத் தமிழாக்கினோம். கூலி ஆட்களைக் கூட்டிவந்தவர்களைப் பற்றி ஒரு பகுதி. எங்களில் இளையவர் அகராதியைப் பார்த்து ‘தொழிலாளர் ஒப்பந்ததாரர்’ என்று எழுதினார். இன்னொருவர், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படித்த ஞாபகத்தில், ‘கங்காணி’ என்று திருத்தினார். தட்டோனில் ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டினோம். தொண்ணூறை நெருங்குகிறவர். கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “கங்காணி சிலோன்ல, மலாயாவுல. இங்க மேஸ்திரி” என்றார். இங்கிலீஷ் மூலத்தை எடுத்துப் பார்த்தால், அதிலேயே ‘மேஸ்திரி’ என்றுதான் எழுதியிருக்கிறது. நாங்கள்தான் அதைத் தமிழாக்குகிறோம் என்று சொல்லி அழித்திருந்தோம்.

அன்றைக்கு அவரை விடவில்லை. செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றிய பகுதியையும் வாசித்தோம். ‘முகவர்’ என்று நாங்கள் எழுதிய இடத்தில் மேலாள் என்றார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்குக் கீழே பெட்டியடிப் பையன், கூடவே ஒரு சமையல்காரர் என்று ஒரு கடையையே எங்கள் முன்னால் உட்கார வைத்தார். பெட்டியடிப் பையனாகச் சேர்கிறவனுக்குப் பாய் எங்கே விரிப்பது, பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பது வரை சொன்னார். அவருடைய அப்பா அப்படி ஒரு கடையில் சமையல்காரராக இருந்தவராம். ஒரு மணி நேரத்தில் எங்கள் பதினான்கு பக்கத்தில் முப்பது சொல் மாறியது. இப்படிப்பட்டவர்கள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள்? மோல்மீனிலும் பெகுவிலும் சிரியத்திலும் இப்படி யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பஸ் செலவு எங்களுடையது.

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாசிப்பதெல்லாம் பர்மிய எழுத்து. பஜனைக்கு வருகிற பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். தேவாரத்தைப் பர்மிய எழுத்தில் வட்ட வட்டமாக எழுதி வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடும். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமும் வரும், சந்தோஷமும் வரும். சரி, அது இருக்கிற வழி, அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று, இப்போது இடது பக்கம் தமிழ், வலது பக்கம் பர்மியம் என்று போடுகிறோம். பாட்டி இடது பக்கத்தை வாசிக்க, பேத்தி வலது பக்கத்தை வாசிக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்புகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கரண்ட் போன சாயங்காலம் சார்ஜ் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு சர்க்கரை வியாதிப் புத்தகத்தை அப்படி வாசித்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். ‘குருதிச் சர்க்கரைத் தாழ்வு’ என்று நாங்கள் போட்டிருந்ததைப் பாட்டி வாசித்துவிட்டுத் திகைத்தாள். பேத்தி பர்மியத்தைப் பார்த்து விளக்கினாள். உடனே பாட்டி, “அட, சக்கர எறங்குறதா! அத அப்படியே எழுதறதுதானே” என்றாள். அடுத்த தடவை அப்படியே எழுதினோம்.

இப்போது அந்தப் பக்கம் எடுக்கிற விஷயம்.

போன வருஷம் நம் கோயில்களில் ஒன்றின் கமிட்டியிடம், அந்தப் பழைய அறிக்கைப் பகுதிகளைத் தொகுத்த எங்கள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அன்போடு பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. ‘வட்டி, நிலம் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டால் வைக்கலாம். காலம் சரியில்லை, எதற்கு வம்பு’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கோயிலைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த அத்தியாயத்தை எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களிடம் தமிழ் படிக்க வருகிற பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு. ஒரு நாள் முகம் வாடி வந்தான். வகுப்பில் ஒரு பையன் அவனைக் கலா என்று, இந்தியர்களை இழிவாகச் சொல்கிற பர்மியச் சொல்லால் கூப்பிட்டு, உங்கள் ஆட்கள் வட்டிக்குக் கொடுத்து எங்கள் நிலத்தையெல்லாம் பிடுங்கியவர்கள் என்று சொல்லிவிட்டானாம். இவன் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டிருக்கிறான். அவர், “அதெல்லாம் பேசாதே, சாப்பிடு” என்றிருக்கிறார். அவருக்கும் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது இருக்கிறது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு, வெள்ளைக்கார பேங்க் கடன் கொடுக்காத இடத்தில், அந்தப் பணம்தான் விதைக்கும் மாட்டுக்கும் போனது என்பதும் இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும், வாங்கின கடனைக் கட்ட முடியாமல் நிலம் கைமாறியதும் இருக்கிறது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் 1930இல் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் 25 சதவீதம். எட்டே வருஷம். நிலத்தை இழந்த ஒரு பர்மியக் குடும்பத்துக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? வட்டி மட்டும் வாங்க நினைத்த செட்டியார்களுக்குச் சேறும் குத்தகைத் தகராறும் வந்து சேர்ந்தது என்பதும் உண்மை. 1948இல் வந்த நில அரசுடைமைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது என்பதும் உண்மை.

அதற்கு அடுத்த அத்தியாயம் 1931ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கு. அன்று பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கூட. ரங்கூனில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். அவர்களில் கடை வைத்து வட்டிக்கு விட்டவர்கள் எத்தனை பேர், மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், அரிசி மில்லில் உமித்தூசி குடித்தவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தா மேஸ்திரி பிடித்ததுபோக மிஞ்சின கூலியில் வாழ்ந்த மில் ஆள். அவனை உட்கார வைத்து இரண்டு அத்தியாயத்தையும் வாசிக்கச் சொன்னேன். வலது பக்கம்தான் வாசித்தான். முடித்துவிட்டு, “இத அவன்கிட்ட காட்டலாமா அக்கா?” என்று கேட்டான். காட்டினான். அந்தப் பர்மியப் பையன் இரண்டு வாரம் கழித்துத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தானாம். அவனுடைய தாத்தா வாங்கி வைத்துக்கொண்டாராம்.

முதல் அத்தியாயத்தை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. நமக்குச் சங்கடமானதை எடுத்துவிட்டு நமக்குச் சாதகமானதை மட்டும் அச்சிட்டால், அதை அந்தத் தாத்தா இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பார். அப்படி நான் நம்புகிறேன். ஆகவே பெரியவர்களே, ஒரு புத்தகம் வேண்டாம் என்று தோன்றினால் முழுதாகத் திருப்பி அனுப்புங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பாதியை மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்து, இடம். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் ஒரு தட்டு போதும். சாவி கோயில் காவல்காரரிடம் இருந்தால் கேட்கிறபோது எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டு நாங்களே கட்டி வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்த பிறகு மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.

காசு என்று நேரே கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் காகிதம் விலை ஏறிவிட்டது. நம் கோயில்களில் டியூப் லைட்டில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோம். அன்னதானத்துக்கு உபயம் எழுதுகிற அதே நோட்டில், புத்தகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தாய் தகப்பன் திதிக்கு ஒரு புத்தகத்தின் ஐம்பது பிரதிக்கு உபயம் செய்கிறவர்களின் பெயரை முதல் பக்கத்தில் தமிழிலும் பர்மியத்திலும் போடுகிறோம். போன ஆடி மாதம் ஓர் ஆச்சி தன் வீட்டுக்காரர் நினைவாக அப்படிச் செய்தார். அவர் பெயர் போட்ட பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரோ கேட்டீர்கள். உயிரோடு இருக்கிற ஆசிரியர்களிடமும் பதிப்பகங்களிடமும் எழுதிக் கேட்காமல் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. பதில் வராத புத்தகத்தைத் தொடுவதில்லை. இந்த நாட்டில் 2019இல் புதிய பதிப்புரிமைச் சட்டமும் வந்திருக்கிறது. சர்மாவின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டதால் அவற்றை யாரும் அச்சிடலாம். எங்கள் அடுத்த வேலை, பர்மாவிலிருந்து அவர் நடந்துபோன அந்தப் பயணப் புத்தகத்தை இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் பர்மியத்திலும் கொண்டுவருவது. அந்த நடையைப் பற்றிப் பர்மியர்களும் படிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கோயில் ஸ்டோர் ரூமில், பழைய தேர் வடத்துக்கும் உடைந்த பித்தளைக் குடத்துக்கும் பின்னால், துணி சுற்றிய காகிதக் கட்டுகள் இருக்கும். பழைய தமிழ்ப் பள்ளிப் பாடப் புத்தகம், சங்கத்தின் கணக்கு நோட்டு, ‘ஜோதி’ இதழ்கூட இருக்கலாம். சில வருஷத்துக்கு முன்னால் ஓரிடத்தில் வெள்ளையடிப்பதற்காக அப்படி மூன்று கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்து நான் பான்சோதான் தெரு நடைபாதைக் கடைகளில் இரண்டு நாள் தேடினேன். அட்டையில்லாத ஒரு வாசகப் புத்தகம் மட்டும் கிடைத்தது. உள்ளே பென்சிலில், ‘மூன்றாம் வகுப்பு’ என்று யாரோ ஒரு பிள்ளை எழுதியிருந்தது. தயவுசெய்து இனி எடைக்குப் போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். வந்து, தூசி தட்டி, கரையான் அரித்ததை ஒதுக்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, கட்டை உங்களிடமே திரும்ப வைத்துவிட்டுப் போகிறோம்.

வருகிற மாதத்திலிருந்து ஒவ்வொரு கோயிலாக நாங்களே நேரில் வருவோம். ஒரு பெட்டியில் பன்னிரண்டு புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பேனா இருக்கும். வட்டி, நிலம் அத்தியாயம் உள்ள புத்தகம் மேலாகவே இருக்கும், முதலில் அதைப் படித்துப் பாருங்கள். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்களே உங்கள் முன் உட்கார்ந்து வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
மொழிபெயர்க்கும் ஏழு பேரில் ஒருத்தி,
ரங்கூன்